தெர்மாமீட்டர் கெட்டுப்போகவில்லை

ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பப் பாடம் தொடங்கும் அன்று முதலில் ஐஸ்கட்டி வாங்கி வரச் சொல்வேன். அதை இடித்துப் பீக்கரில் போட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, மெல்லிய தீயில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுக்க வேண்டும். 0, 0, 0, 0. ஐந்தாவது நிமிடத்தில் எந்த மூலையிலிருந்தாவது குரல் வந்துவிடும்: "சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு."

ஒரு வருடம் ஒரு பையனின் நோட்டில் 0, 2, 3, 5 என்று ஏறிக்கொண்டே போனது. பீக்கரிலோ ஐஸ் இன்னும் மிதந்தது. அடுப்பு எரிந்தால் சூடு ஏறத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டான் என நினைத்துத் திட்டிவிட்டேன். அப்புறம்தான் பீக்கரைக் குனிந்து பார்த்தேன். அவன் கலக்கவே இல்லை. ஐஸ் மேலே மிதக்க, அடியில் உருகிய தண்ணீர் தனியாகச் சூடாகியிருந்தது. தெர்மாமீட்டரின் குமிழும் அங்கேதான் இருந்தது. கண்ணாடிக் குச்சியால் நன்றாகக் கலக்கியதும் ரீடிங் மளமளவென்று 0-வுக்கு இறங்கியது. பையன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறான். கலக்கச் சொல்லாதது என் தப்பு.

"வெப்பநிலை மாறாமல், நிலை மாறுவதற்கு ஏற்கும் வெப்பம்" என்று பிள்ளைகள் அழகாக ஒப்பிப்பார்கள், மார்க்கும் விழும். ஆனால் வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதான் என்ற எண்ணம் மட்டும் அசையாது. ஐஸ் உருகும்போது கொடுக்கிற வெப்பமெல்லாம் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோவில் இதை அளந்து காட்டிய ஜோசப் பிளாக், 'மறைந்திருப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். நமக்கு அது உள்ளுறை வெப்பம். தமிழய்யா நடத்தும் உள்ளுறை உவமத்தில் வரும் அதே உள்ளுறைதான்!

இப்போது சமையலறைக்கு வருவோம். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதையே முழுக்க ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஒரே தீயில் 7 நிமிடத்தில் கொதிக்கிற தண்ணீர், வற்றிப்போக ஏறக்குறைய 54 நிமிடம் எடுக்கும். கொதி வந்த பிறகும் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் பருப்பு சீக்கிரம் வேகாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-ஐத் தாண்டாது. ஆவிதான் அதிகம் போகும், கேஸும் தீரும்.

இந்த 540 நம் தோலுக்கும் பொருந்தும். ஒரு கிராம் கொதிநீர் கையில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 63 கலோரியை விடுகிறது. அதே 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீராவி, முதலில் தண்ணீராக மாறும்போதே 540-ஐத் தந்துவிட்டு, அப்புறம் அந்த 63-ஐயும் தரும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. வெந்நீருக்குப் பயப்படுகிற நாம் இட்லிப் பானை மூடியை முகத்துக்கு நேரே திறக்கிறோம். மூடியின் மறுபக்கத்தைத் தூக்கி, ஆவியை அந்தப் பக்கம் போகவிடுங்கள். குக்கரில் பிரஷர் முழுக்க அடங்காமல் கை வைக்காதீர்கள். அதற்குள் சூடு 100-க்கும் மேலே, சுமார் 120 வரை போகும்.

ஆவி அடித்துவிட்டால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்பளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஐஸ்கட்டியும் வேண்டாம், அது என் பீக்கருக்கு மட்டும்.