மீப்பொருள்: மெட்டாமெட்டீரியலுக்கு ஒரு தமிழ்

ஹட்டனில் ஏ.எல். விஞ்ஞானம் படிக்கும் பக்கத்து லயத்துத் தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணே, மெட்டாமெட்டீரியலுக்குத் தமிழ் என்ன?"

மெட்டீரியல் சிக்கலில்லை. 'மெட்டா'தான் இழுக்கும். கிரேக்கத்தில் அதற்குப் 'பின்', 'அப்பால்' என்றெல்லாம் பொருள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரோட்ஜர் வால்சர் 1999இல் இரண்டையும் ஒட்டினார். விஷயம் சொல்லைவிட மூத்தது. ஒளியை எதிர்ப்பக்கமாக முறிக்கும் (வளைத்து அனுப்பும்) பொருள் இருக்கலாம் என்று விக்டர் வெசலாகோ 1967இலேயே ரஷ்ய மொழியில் எழுதிவிட்டார்.

சரி, எதற்கு அப்பால்? செம்பை வாய் பிளந்த குட்டி வளையங்களாக ஒரு பலகையில் வரிசையாகப் பதிக்கிறார்கள். 3 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையின் (மைக்ரோவேவ்) நீளம் 10 சென்டிமீற்றர். வளையம் அதைவிட மிகச் சிறியது. அதனால் அலைக்கு வளையங்கள் தனித்தனியாகத் தெரியாது, முழுப் பலகையும் ஒரே பொருளாகத் தெரியும். அந்தப் 'பொருளின்' குணம் செம்பிலும் இல்லை, பலகையிலும் இல்லை. வடிவத்தில் இருந்து வருகிறது.

'மேம்பொருள்' என்றால் தரமான சரக்கு என்றாகிவிடும். 'அப்பாற்பொருள்' கோயில் சொற்பொழிவுக்குப் போய்விடும். என் தெரிவு மீப்பொருள். 'மீ' என்றால் மேல், உயர்வு. நடுவில் 'ப்' வேண்டுமா என்றால், வேண்டும்: 386ஆம் குறளில் 'மீக்கூறும்' என்று வல்லினம் மிகுந்துதானே வருகிறது! ஆனால் நம் பாடப்புத்தக 'மீடிறன்' (frequency, அதிர்வெண்) வேறு குடும்பம். அது மீள் + திறன். தம்பி இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தான்.

அப்புறம் மீப்பொருள் உணரி, அதாவது மீப்பொருளால் செய்த சென்சர். வளையம் ஒரு தூண்டி (inductor), அதன் பிளவு ஒரு கொள்ளளவி (capacitor). இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மீடிறனில் பரிவுறும், அதாவது அந்த மீடிறனில் மட்டும் பலமாக அதிரும். பிளவின் மேல் காய்ந்த இலையை வைத்தால் அந்த மீடிறன் கொஞ்சம் இறங்கும். பச்சைத் தேயிலைக் கொழுந்தை வைத்தால் நன்றாகவே இறங்கும். கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். பிளவுக்குள் தண்ணீர் மட்டுமே நிரம்பினால் கொள்ளளவு ஏறக்குறைய 80 மடங்காகும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். வாட்டிய கொழுந்தை டீமேக்கர் (தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைப் பார்ப்பவர்) கைப்பிடியில் இறுக்கிப் பார்த்துச் சொல்வதை, இது எண்ணாகச் சொல்லும்.

"அப்போ மழை நாளில் ஈரத்துக்கு என்று கிலோ கழிக்கிறார்களே, அதை இதால் அளக்கலாமே?" என்றான் தம்பி. அவன் அம்மா கொழுந்து பறிப்பவர். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

அங்கேதான் சிக்கல். பிளவை ஒட்டிய சில மில்லிமீற்றருக்குள் இருப்பதைத்தான் இந்த வளையம் உணரும், சாக்கின் நடுவை அறியாது. தொட்ட இலையிலும் மேலே ஒட்டிய மழைத் தண்ணீரையும் உள்ளே ஊறிய தண்ணீரையும் சேர்த்தே வாசிக்கும். கொழுந்து நிறுக்கும் தராசடியில் சண்டையே எந்தத் தண்ணீர் எவ்வளவு என்பதில்தான்.