மருத்துவ ஆய்வில் ‘பங்கெடுப்பு’: ஒரு சொல் விளக்கம்

பிரிட்டனிலிருந்து வரும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் ‘பேஷன்ட் அண்ட் பப்ளிக் இன்வால்வ்மென்ட்’ என்ற தலைப்பில் ஒரு சிறு பத்தி இருக்கும். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014-இல் இப்படியொரு பத்தியைக் கேட்கத் தொடங்கியது. ஆய்வுக் கேள்வியை முடிவு செய்ததில் நோயாளிகளுக்கு என்ன பங்கு இருந்தது? எதை அளப்பது என்று யார் சொன்னார்கள்? முடிவுகளை அவர்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பீர்கள்? யாரையும் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றே எழுத வேண்டும்.

இத்தொடரைப் பி.பி.ஐ. என்று சுருக்குகிறார்கள். நம் மருத்துவமனைகளில் அந்த மூன்றெழுத்துக்கு வேறு பொருள் உண்டு. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை மருத்துவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆகவே தமிழில் சுருக்கத்தை விட்டுவிட்டுச் சொல்லை விரித்தே எழுதுவது நல்லது.

விரித்து எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘நோயாளர் மற்றும் பொதுமக்கள் ஈடுபாடு’, ‘பொதுமக்கள் பங்கேற்பு’, ‘மக்கள் பங்களிப்பு’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மூன்றும் மூலப்பொருளை விட்டு விலகுகின்றன. எதனால் என்று பார்ப்பதற்கு முன், மூலப்பொருள் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் நிலைத்துவிட்ட வரையறை ஆங்கிலத்தின் ஐந்து முன்னிடைச் சொற்களின் (ப்ரெபொசிஷன்) மேல் நிற்கிறது. ஆய்வைப் பொதுமக்கள் மீது நடத்துவது, அவர்களைப் பற்றி நடத்துவது, அவர்களுக்காக நடத்துவது என்ற மூன்றும் இதில் சேராது. அவர்களோடு சேர்ந்து நடத்துவது, அவர்களாலேயே நடத்தப்படுவது என்ற இரண்டுமே இதில் சேரும். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். நோயாளரை ஆய்வுக்கு உட்படுத்துவதும் நோயாளரைப் பற்றி ஆய்வதும் இரண்டாம் வேற்றுமை. நோயாளருக்காக ஆய்வது நான்காம் வேற்றுமை. ‘நோயாளரால்’, ‘நோயாளரோடு’ என்ற இரண்டுமோ மூன்றாம் வேற்றுமை. ஆல், ஆன், ஒடு, ஓடு என்று நம் இலக்கணம் ஒரே வரிசையில் வைத்த உருபுகள். செயலைச் செய்கிறவனுக்கும் உடன் நின்று செய்கிறவனுக்கும் ஒரே வேற்றுமையில் இடம் கொடுத்த மொழி இது. இந்தக் கருத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் இரண்டு. ‘பார்ட்டிசிபேஷன்’ என்பது ஆய்வில் ஒருவராகச் சேர்ந்து மருந்தை உட்கொள்வது, இரத்தம் கொடுப்பது, வினாத்தாளை நிரப்புவது. ‘எங்கேஜ்மென்ட்’ என்பது ஆய்வைப் பற்றி மக்களிடம் போய்ப் பேசுவது: கண்காட்சி, கூட்டம், வானொலி நிகழ்ச்சி போன்றவை. பிரிட்டனில் இம்மூன்றையும் கறாராகப் பிரிக்கிறார்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் ‘பேஷன்ட் எங்கேஜ்மென்ட்’ என்றே பிரிட்டனின் இன்வால்வ்மென்டைக் குறிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நோயாளி என்ற சொல்லுக்குப் பதிலாக ‘கன்ஸ்யூமர்’ என்கிறார்கள். எனவே மொழிபெயர்க்கிறவர் சொல்லை மட்டும் பார்த்து அகராதியைப் புரட்டினால் ஏமாந்துபோவார். அந்த நாட்டில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

பங்கேற்பு (பார்ட்டிசிபேஷன்) எது, இன்வால்வ்மென்ட் எது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலேயே தங்கி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததல்ல என்று 1959-இல் வெளியான முடிவுகள் காட்டின. உலகெங்கும் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கும் வழக்கம் ஆட்டம் கண்டது. அந்த நோயாளிகள் செய்தது மகத்தான பங்கேற்பு. ஆனாலும் கேள்வி எது, மருந்து எது, எத்தனை காலம் என்பவற்றை முடிவு செய்தவர்கள் மருத்துவர்களும் அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும்தான். அது குறையென்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்குமே வழக்கம் அதுதான்.

இனி வேர்ச்சொற்கள். இன்வால்வ் என்பதன் மூலமான லத்தீன் வினைக்கு ‘உள்ளே சுருட்டு, பொதி’ என்று பொருள். பேஷன்ட் என்பது ‘துன்பத்தைப் பொறுத்துக்கொள்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’, செயலற்றிருப்பதைக் குறிக்கும் ‘பேஸிவ்’ ஆகியவற்றுக்கும் அதே வேர். ஆய்வுக்கு உள்ளாகிறவரைக் குறித்துவந்த ‘சப்ஜெக்ட்’ என்ற சொல்லுக்குக் ‘கீழே எறியப்பட்டது’ என்பது மூலப்பொருள். மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு நெறிகள் வகுக்க 1964-இல் உருவான ஹெல்சிங்கி பிரகடனம் அறுபது ஆண்டுகள் அந்தச் சொல்லையே வைத்திருந்து, 2024 திருத்தத்தில்தான் ‘பார்ட்டிசிபன்ட்’ என்று மாற்றியது. ஆய்வுக்கு முன்பும் நடக்கும்போதும் முடிந்த பின்பும் பங்கேற்பாளர்களோடும் அவர்களுடைய சமூகத்தோடும் பொருளுள்ள தொடர்பு வேண்டும் என்றும் அதே திருத்தம் சேர்த்தது.

தமிழ்ச் சொற்களின் போக்கு வேறு. நோயாளி என்பதில் உள்ள ‘ஆளி’, முதலாளியிலும் படைப்பாளியிலும் இருப்பதுதான்; உடையவர், ஆள்கிறவர் என்ற பொருள் அதற்கு. மருந்துக்கு நான்கு கூறு என்று சொல்லும் குறள், ‘உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வான்’ என்று நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. நான்காவதாக வரும் உழைச்செல்வான், பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறவர். பிரிட்டன் வரையறையிலும் ‘பப்ளிக்’ என்பதற்குள் இந்தக் கவனித்துக்கொள்கிறவர்கள் அடக்கம்.

இன்வால்வ்மென்ட் என்ற இந்தச் சொல் கருணையினால் பிறந்ததல்ல. 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயுள்ளவர்கள், தங்களைப் ‘பலியானவர்கள்’ என்று அழைப்பதைக் கண்டித்தார்கள். எப்போதாவதுதான் தாங்கள் ‘நோயாளிகள்’ என்றும், ‘எய்ட்ஸ் உள்ள மனிதர்கள்’ என்பதே சரி என்றும் அறிவித்தார்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் தங்களுக்கு இடம் கேட்டார்கள். மருந்துச் சோதனைகளில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்ட காலம் அது. சோதனையில் இருந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த மாத்திரைகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் கொஞ்சமாவது உண்மையான மருந்து சேரட்டும் என்பது கணக்கு. ஆய்வாளர்களுக்கு அது விதிமீறல். சாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு வேறு வழி இருந்ததா? 1988 அக்டோபரில் எய்ட்ஸ் உள்ளவர்களுக்காகப் போராடிய ‘ஆக்ட் அப்’ இயக்கத்தினர் மேரிலாந்தில் உள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். வைரஸ்களைப் பற்றிய வைராலஜியும் புள்ளியியலும் தாமே படித்து, சோதனைகளை எப்படி அமைப்பது என்று நிபுணர்களோடு வாதாடினார்கள். 1990 வாக்கில் அரசின் எய்ட்ஸ் மருந்துச் சோதனைக் குழுக்களுக்குள் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. 1994-இல் பாரிஸ் எய்ட்ஸ் மாநாடு இதை ஒரு கொள்கையாகவே ஏற்றது. சென்னையில் பிற்பாடு நடந்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுக்குச் சமூக ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டதும் இந்த வழியில் வந்ததுதான்.

பிரிட்டனில் 1996-இல் இதற்கான அரசு ஆலோசனைக் குழு தொடங்கியபோது வழங்கிய சொல் ‘கன்ஸ்யூமர்’, அதாவது நுகர்வோர். 2003-இல் அந்த அமைப்பு ‘இன்வால்வ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. கடைக்காரர், வாடிக்கையாளர் என்ற உறவு நோயுள்ளவருக்கும் ஆய்வாளருக்கும் பொருந்தாது என்பது என் கருத்தும்.

நடைமுறையில் இது எதை மாற்றுகிறது என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது முடக்குவாத ஆய்வுகளைத்தான். ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் அந்த நோய்க்கு ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வழக்கமாக எவற்றை அளப்பார்கள்? வீங்கிய மூட்டுகள் எத்தனை, தொட்டால் வலிக்கிற மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, கை கால் எவ்வளவு இயங்குகிறது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். அளவு இரத்தத்தில் எவ்வளவு. எதை அளப்பது என்று முடிவு செய்யும் ‘ஓமெராக்ட்’ என்ற பன்னாட்டு அமைப்பு 2002-இல் முதன்முறையாக நோயாளிகளையும் மாநாட்டுக்கு அழைத்தது. வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, எங்கள் நாளைத் தின்றுவிடும் ஒன்று இதில் இல்லையே என்றார்கள். அது அசதி. உடம்பை அடித்துப்போட்டதுபோல், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. பல ஆண்டுகளாக எத்தனையோ மருந்துச் சோதனைகள் நடந்தும் அது முதன்மைப் பட்டியலில் ஏறவில்லை. நோயாளிகள் விடாமல் கேட்டதால், அதை அளக்கும் கருவிகள் ஆராயப்பட்டு, 2006 மாநாட்டில் முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

இதையே தமிழ் வினாத்தாளாக்குகிறோம் என்று வையுங்கள். ‘களைப்பாக இருக்கிறதா?’ என்று கேட்டால், வயல் வேலை முடித்து வந்த ஒரு பெண் ‘வேலை செய்தால் களைக்காதா?’ என்று சொல்லி ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடச் சொல்லிவிடுவார். களைப்பு உழைத்ததால் வருவது, ஓய்வெடுத்தால் போவது. சோர்வு என்றால் மனம் தளர்ந்ததாகவும் கொள்ள இடமுண்டு. அசதி என்றால்தான் காரணமில்லாமல் உடல் கிடந்துபோவது விளங்கும். இந்த வேறுபாட்டை வினாத்தாள் அச்சாகும் முன்பே சொல்லக்கூடியவர் அந்த நோயோடு வாழ்கிறவர். அவரை அழைக்காத ஆய்வு, இருக்கிற அசதியை இல்லையென்று பதிவு செய்து, அதைத் தரவு என்றும் சொல்லிக்கொள்ளும்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘ஈடுபாடு’ இங்கே பொருந்தாது. இசையில் ஈடுபாடு, படிப்பில் ஈடுபாடு என்று இன்றைய தமிழில் அது மனத்தின் நாட்டத்தைக் குறிக்கிறது. ‘ஆய்வில் பொதுமக்கள் ஈடுபாடு குறைவு’ என்று எழுதினால், மக்களுக்கு அக்கறை இல்லை என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அழைக்காத நிறுவனத்தின் தவறு அழைக்கப்படாதவர் தலையில் விழும். ‘பங்களிப்பு’ கொடுப்பதை மட்டும் சொல்கிறது. இரத்தம் கொடுத்ததும் பங்களிப்புதான், நன்கொடை கொடுத்ததும் பங்களிப்புதான். ‘பங்குதாரர்’ என்றால் கம்பெனிப் பங்கும் லாபக் கணக்கும் நினைவுக்கு வரும். ‘பங்காளி’ சொத்துத் தகராறைக் கிளப்பிவிடும்.

‘பங்கேற்பு’ நல்ல சொல்தான். பங்கேற்பு ஜனநாயகம் என்பதில் அது முடிவெடுக்கும் உரிமையையும் சுமக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வில் ‘பங்கேற்பாளர்’ என்பது மருந்தை உட்கொள்ளும் நபர் என்று ஒப்புதல் படிவங்களில் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘எங்கள் ஆய்வில் முந்நூறு பேர் பங்கேற்றார்கள், மக்கள் பங்கேற்புக்கு இதைவிட என்ன வேண்டும்?’ என்று ஒருவர் கேட்க வழி பிறந்துவிடும்.

எனவே நான் பரிந்துரைப்பது ‘பங்கெடுப்பு’. அன்றாட வழக்கில் பங்கேற்றலும் பங்கெடுத்தலும் ஏறத்தாழ ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆயினும் ஏற்பவர் பிறர் வகுத்ததை ஏற்கிறார். எடுப்பவர் கையை நீட்டித் தம் பங்கை எடுக்கிறார். துறைச்சொல்லாகப் பிரித்து ஆள அந்த இடைவெளி போதும். பங்கு என்ற சொல்லும் வலுவானது. பகுத்தலோடு உறவுடையது, சிவனை மங்கைபங்கன் என்னும்போது உடலில் பாதியையே குறிக்கிறது, கிறித்தவர்கள் பங்கு மக்கள், பங்குத்தந்தை என்னும்போது ஒரு சபைக்கு உரியவர் என்ற உறவைக் குறிக்கிறது. ஆக, ‘ஆய்வில் நோயாளர், பொதுமக்கள் பங்கெடுப்பு’ என்று முழுத்தொடர். அதில் வருகிறவர் ‘ஆய்வுப் பங்காளர்’. மருந்தை உட்கொள்பவர் ‘பங்கேற்பாளர்’. மக்களிடம் போய்ப் பேசுவது ‘மக்கள் தொடர்பாடல்’. ஆய்வாளரும் பங்காளரும் சேர்ந்தே ஆய்வை உருவாக்குவது, ‘கோ-புரொடக்‌ஷன்’ என்று இப்போது பேசப்படுவது; அதற்குக் ‘கூட்டுருவாக்கம்’ போதும்.

பங்கெடுப்பிலும் படிகள் உண்டு. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் நகரத் திட்டமிடலைப் பற்றி எழுதும்போது எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். கீழ்ப்படியில் மக்களை ஏமாற்றித் தலையாட்டவைப்பது, நடுவில் கருத்துக் கேட்பது, உச்சியில் மக்களே நிர்வகிப்பது. மருத்துவ ஆய்வுக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். குழுவில் ஒப்புக்கு ஓர் ஆளை உட்காரவைத்துப் புகைப்படம் எடுப்பதைப் ‘பெயரளவுப் பங்கெடுப்பு’ என்றே எழுதலாம், மென்மையாக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் சட்டப்படி பொதுமக்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி அமையும், ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் ‘லே பெர்ஸன்’ ஒருவர் இருந்தாக வேண்டும். இதைப் ‘பாமரர்’ என்று மொழிபெயர்ப்பது தவறு. பாமரர் என்றால் கல்லாதவர். விதி சொல்வது மருத்துவத் துறையைச் சாராதவரை. ‘துறைசாரா உறுப்பினர்’ என்பதே சரி. ஆனால் அந்த உறுப்பினர் முன் வருவது எழுதி முடித்த திட்டம். ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம், மறுக்கலாம். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பது அதற்கு வெகு முன்பே முடிந்துபோயிருக்கும். அதை மேற்பார்வை என்று சொல்ல வேண்டுமே தவிர, பங்கெடுப்பு என்று சொல்லக்கூடாது.

தமிழில் ஓர் ஆய்வுக் குழு பங்காளர்களை அழைக்கும்போது கடிதத்தில் இப்படி எழுதலாம்: ‘சர்க்கரை நோயோடு வாழும் உங்களை இந்த ஆய்வைத் திட்டமிடும் குழுவில் பங்காளராக அழைக்கிறோம். உங்களிடம் மருந்துச் சோதனை எதுவும் செய்யப்படாது. எந்தக் கேள்வியை ஆராய்வது, எதை அளப்பது என்பவற்றை எங்களோடு சேர்ந்து நீங்களும் முடிவு செய்வீர்கள்.’ அதற்கு அடுத்த வரியில், பஸ் கட்டணமும் அன்றைய கூலி இழப்பும் எவ்வளவு, யார், எப்போது தருவார்கள் என்பதை எண்ணிலேயே எழுதிவிட வேண்டும்.