ரிப்பேர் முடிந்த பிறகு எரியும் மஞ்சள் விளக்கு

கிளட்ச் மாற்றியோ, சிலிண்டர் ஹெட்டை இறக்கி ஏற்றியோ, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றி ட்யூனிங் செய்தோ வெளியே வந்த கார். கோவை அவிநாசி ரோட்டில் ஏறி நாலு சிக்னல் தாண்டுவதற்குள் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓட்டத்தில் குறை தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒர்க் ஷாப்பில் பெரும்பாலும் கேட்கும் பேச்சு இதுதான்: "ஏனுங்ணா, அந்த லைட்ட மட்டும் அணைச்சுக் குடுத்துருங்." ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடான கோடை (code) அழிக்க அரை நிமிடம் போதும். பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய சாட்சியும் அந்த அரை நிமிடத்திலேயே போய்விடும்.

விளக்கு எரியும் நொடியில் இன்ஜின் கணினியான ஈ.சி.யூ. கோடை மட்டும் எழுதிவைப்பதில்லை. அப்போது ஆர்.பி.எம். எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, வேகம் என்ன, இன்ஜினில் எவ்வளவு லோடு, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது என்று ஒரு வரிசையையும் சேர்த்து வைக்கிறது. அதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் அழியும். அதனால் முதல் வேலை, அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்துக்கொள்வது. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் விற்ற பெரும்பாலான பெட்ரோல் கார்களில், வண்டியே தன் பழுதைக் கண்காணித்துப் பதியும் ஓ.பி.டி.-2 முறை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி கரன்ட் வர வேண்டும், 4ஆம் பின் எர்த். ஸ்கேனருக்கு உயிரே வரவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

கோட் சொல்வது ஓர் அறிகுறியைத்தான். எந்த பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை. ரிப்பேருக்குப் பின் அதிகம் தலைகாட்டும் பி0171ஐ எடுத்துக்கொள்வோம். கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பது அதன் பொருள். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். சேதி கொண்டுவந்தவனைத் தண்டிக்கிற வேலை இது. பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயின் முன்பகுதியில் இருக்கும் வழக்கமான ஆக்சிஜன் சென்சார், புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். அதைப் பார்த்து ஈ.சி.யூ. நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த உடனடித் திருத்தம் ஷார்ட் டெர்ம் ட்ரிம். திருத்தம் ஒரே பக்கமாக நீடித்தால் அதைப் பழக்கமாக்கிக்கொள்வது லாங் டெர்ம் ட்ரிம். இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்துக்கு இருபுறமும் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்ல ஆரோக்கியம், 10 வரை பொறுக்கலாம். 20, 25 சதவீதத்தைத் தொடும்போது ஈ.சி.யூ. கைவிட்டு விளக்கைப் போடுகிறது.

கண்டுபிடிக்கும் வேலையின் உயிர்நாடி இந்த எண்தான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு ஒருமுறையும், ரேஸ் கொடுத்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தி ஒருமுறையும் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் +20, ரேஸில் +4 என்று வந்தால் எங்கோ அளக்கப்படாத காற்று புகுகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்னக் கசிவும் அங்கே பெரிதாகத் தெரியும். வேகம் ஏற ஏற அதே கசிவு கூட்டத்தில் கரைந்துவிடும். மாறாக ஐடிலிங்கில் +3, மேடேறும்போது +18 என்றால் பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் காற்றைக் குறைத்து அளக்கிறது. பம்ப் பிரஷர், ஃபில்டர், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் சாலைகளில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் நிறைய, காற்றின் அளவை நேராக அளப்பதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து காற்றைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து போகும் வேக்குவம் ஹோஸ் கழன்றால் அழுத்தம் கூடியதையும் சென்சார் பார்த்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். லீன் கோட் வராமல் ஐடிலிங் மட்டும் எகிறி நிற்கும். ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது எந்தச் சென்சார் என்று தெரியாமல் ட்ரிம்முக்குப் பொருள் சொல்லக் கூடாது.

மேப் சென்சாரைச் சோதிக்கக் கொங்கு நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சாவியை ஆன் செய்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் பார்த்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். ஈரோட்டில் ஏறத்தாழ 99 கிலோ பாஸ்கல், கோவையில் 96, 97. அதே வண்டி 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77 பக்கம் காட்ட வேண்டும். கோவையில் நின்றுகொண்டு 85 காட்டுகிற சென்சார் பொய் சொல்கிறது. சூடான இன்ஜின் ஐடிலிங்கில் இது பொதுவாக 30 முதல் 40 வரை இறங்கும்.

ஹெட் வேலைக்குப் பின் வரும் இன்னொரு ஏமாற்று, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வரும் கசிவு. புகை வெளியே போகும் இடத்தில் காற்று எப்படி உள்ளே வரும் என்று தோன்றும். புகை சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது, அந்த இடைவெளியில் கேஸ்கெட் ஓரமாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது. ஈ.சி.யூ. பெட்ரோலைக் கொட்டுகிறது. கோட் லீன் என்று சொல்லும், பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். இந்த முரண்பாட்டைக் கண்டால் முதலில் இந்தக் கசிவைச் சந்தேகியுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுங்கள், மேனிஃபோல்ட் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்கும். கேஸ்கெட் ஓரத்தில் மையிட்டதுபோல் கருப்புத் தடமும் இருக்கும். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டதும், நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறுக்காமல் ஓரத்திலிருந்து முறுக்கியதும் வழக்கமான காரணங்கள்.

ட்யூனிங் செய்த வண்டியில் கணக்கே காட்டிக்கொடுக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் குழாயில் போகும் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. நடுவில் ஓடும் காற்றின் ஒரு சிறு பகுதியைத் தொட்டுப் பார்த்து, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் மீதியைக் கணக்கிடுகிறது. 60 மில்லிமீட்டர் குழாய் இருந்த இடத்தில் 66 மில்லிமீட்டர் குழாய் போட்டால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது. அதே காற்று இப்போது மெதுவாகப் போகும், சென்சார் சுமார் 17 சதவீதம் குறைத்துச் சொல்லும். அதைச் சரிக்கட்ட ட்ரிம் +21க்குப் போக வேண்டும். ஆறே மில்லிமீட்டர், விளக்கு எரிய அது போதும். விளக்கு கூடப் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும்போது இந்த வகை ஆக்சிஜன் சென்சாரின் நொடித் திருத்தத்தை ஈ.சி.யூ. ஒதுக்கிவிடும், காற்றின் கணக்கை நம்பியே பெட்ரோல் போகும். கணக்கு தப்பென்றால் லீன் கலவை முழு லோடில் எரிந்து பிஸ்டனையே பதம் பார்க்கும். புதுக் குழாய்க்கேற்ப ஈ.சி.யூ.வில் சென்சார் அட்டவணையைத் திருத்தாமல் குழாயை மாற்றக் கூடாது. எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டிருந்தால் சென்சார் கம்பியில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடிக்க வேண்டும், துணியால் துடைத்தால் போயிற்று.

கிளட்ச் வேலைக்குப் பின் பி0300 வரிசைக் கோட், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போகும் மிஸ்ஃபயர் வந்தால் உடனே பிளக்கும் காயிலும் வாங்க ஓடாதீர்கள். இன்ஜின் மிஸ் ஆவதை ஈ.சி.யூ. கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு சுற்றுவதில் உள்ள தடுமாற்றத்தை அளந்து தெரிந்துகொள்கிறது. பல வண்டிகளின் கிராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கான இடமும் அதில் இரண்டு பல் விட்ட இடைவெளியும் இருக்கும். 3,000 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், ஒரு பல்லுக்கு மில்லிசெகண்டில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கணக்கு, கியர்பாக்ஸை இறக்கும்போது கிராங்க் சென்சாரில் பட்ட ஒரு தட்டினாலும் குழம்பும். சில இன்ஜின்களில் அந்தப் பல்வரிசை ஃப்ளைவீலிலேயே இருக்கிறது. ஃப்ளைவீல் மாற்றியிருந்தால், புதுப் பல்வரிசையை ஈ.சி.யூ.வுக்குப் பழக்கும் கிராங்க் லேர்னை ஸ்கேனரில் செய்தாக வேண்டும். ஆனால் விளக்கு எரிவதோடு நிற்காமல் கண் சிமிட்டினால் அது வேறு சேதி. எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்குகிறது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி ஓரங்கட்டுங்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கோட் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் குற்றவாளி எர்த் ஒயர். கியர்பாக்ஸ் ஏற்றியவர் அந்த ஒரு போல்ட்டை விட்டிருப்பார், இல்லையென்றால் பெயின்ட்டின் மேல் முறுக்கியிருப்பார். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றித் தேய்த்துப் போடுங்கள். தோட்டத்துச் சாளையில் நிற்கும் வண்டியென்றால் எலியையும் மறக்கக் கூடாது. ஒர்க் ஷாப்பிலிருந்து வந்த அன்றைக்கு இரவே எலி ஒயரைக் கடித்தால் பழி மெக்கானிக் தலையில்தான் விழும்.

கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 தனிக்கதை. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பது 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போல ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்ட வண்டியிலும் இதே கோட் வரும். ஈ.சி.யூ.வின் புரோகிராமை மாற்றி எழுதும் ரீமேப்பில் அந்தக் கோடை மட்டும் மூடிவிடுவது அங்கங்கே நடக்கிறது. அதை ஒப்புக்கொள்ள முடியாது. நச்சுப் புகை ஊருக்குள் விடப்படுகிறது, பின்னால் மற்றொரு பழுது வந்தாலும் பின் சென்சாரால் சொல்ல முடியாமல் போகிறது.

பழுதைச் சரிசெய்து கோடை அழித்தவுடன் வேலை முடியவில்லை. ஈ.சி.யூ.வின் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பியிருக்கும். அவை முடிய வண்டி ஓட வேண்டும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் எடுத்து, நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டில் ஒரே சீராக 70, 80இல் கால்மணி நேரம் ஓட்டினால் கன்வெர்ட்டர் சோதனைக்கு வேண்டிய சூழல் பெரும்பாலும் கிடைத்துவிடும். லோடில் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாகக் குன்னூர் ஏறுங்கள், ட்ரிம் ஏறுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். இறக்கத்தில் கியரிலேயே காலை எடுத்துவிட்டு வரும்போது ஈ.சி.யூ. பெட்ரோலை முழுக்க நிறுத்தும், முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். அப்போதும் மேலேயே நின்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, இல்லையென்றால் சென்சாரோ அதன் ஒயரோ கெட்டிருக்கிறது.