ஆட்டைக் கடித்தது எது? இழப்பீட்டு மனு அங்கேதான் தொடங்குகிறது

விடியக்காலையில் ஆடுகளை அடைத்திருக்கும் கிடைக்குப் போய்ப் பார்த்தால் நாலு ஆடு செத்துக் கிடக்கும், அதற்குள் டீக்கடையில் "ஓநாய் வந்துட்டு" என்று பேச்சு கிளம்பியிருக்கும். 2024-ல் உத்தரப்பிரதேசத்தின் பஹ்ரைச் பக்கம் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிய வீடியோக்கள் இங்குள்ள போன்களுக்கும் வந்த பிறகு இந்தப் பேச்சு கூடிப்போச்சு. நெல்லைச் சீமையில் ஓநாயைப் பார்த்தேன் என்பவர்கள் பெரும்பாலும் பார்த்தது குள்ளநரியைத்தான். பாபநாசம், களக்காடு மலையடிவாரம் என்றால் சிறுத்தையோ செந்நாயோ, கீழே பொட்டலில் என்றால் நரியோ தெருநாய்க் கூட்டமோ.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், கடித்தது எது என்பதை வைத்துத்தான் நீங்கள் எந்த ஆபீஸ் படியேற வேண்டும் என்பது முடிவாகும். ஓநாய், சிறுத்தை, செந்நாய் என்று காட்டு விலங்கு எதுவானாலும் வனத்துறை. தெருநாய் என்றால் அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குத் தனியாக நிவாரணம் தருவதாக 2025-ல் தமிழக அரசு அறிவித்தது, அதைக் கால்நடை மருத்துவரிடம் போய்த் தொடங்குங்கள்.

அதனால் செத்த ஆட்டை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள், கறிக்கு விற்றுவிடவும் வேண்டாம். எனக்குத் தெரிந்த கிடைக்காரர் ஒருவர் நாற்றம் எடுக்கிறதே என்று மத்தியானத்துக்குள் மூன்று ஆட்டையும் குழி தோண்டி மூடிவிட்டார். அப்புறம் எந்த ஆபீஸிலும் அவர் சொன்னது எடுபடவில்லை. காலடித் தடத்தின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். சிறுத்தைத் தடத்தில் பொதுவாக நகக்குறி இருக்காது, நாய் நரி ஓநாய்த் தடத்தில் இருக்கும். சிறுத்தை கழுத்தைக் கவ்வி மறைவுக்கு இழுத்துப் போகும். தெருநாய்கள் பின்னங்கால், தொடை என்று கண்ட இடத்தில் குதறி, பல ஆட்டைத் தின்னாமலே போட்டுவிட்டுப் போகும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செய்து தரும் சான்றிதழ்தான் மனுவுக்கு முதுகெலும்பு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களுக்கு அம்பாசமுத்திரம், களக்காடு என்று இரண்டு வனக் கோட்டங்கள், மற்ற இடங்களுக்கு மாவட்ட வன அலுவலர்.

ஆட்டுக்கு எவ்வளவு என்பது அரசாணைக்கு அரசாணை மாறும், நடப்புத் தொகையை ரேஞ்சரிடமே கேளுங்கள். சந்தை விலை வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம். மனித உயிர் போனால் 10 லட்சம் ரூபாய் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் உயர்த்தியது, தமிழ்நாட்டிலும் இப்போது அதே தொகைதான். சரணாலயம், புலிகள் காப்பகத்துக்குள் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் 2022-ல் தடை போட்டிருக்கிறது, ஆகவே உள்ளே போன ஆட்டுக்கு இழப்பீடு கேட்டுப் போனால் வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம்.

பணத்துக்கு அலைவதற்குப் பதில் விஷமோ, கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயோ வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே சுமார் 3,100 ஓநாய்கள்தான் இருக்கும் என்பது இந்திய வனஉயிரின நிறுவன ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காக்கத் திருப்பி அடித்தால் குற்றமில்லை என்று சட்டமே சொல்கிறது, ஆனால் ஆட்டைக் காக்க என்று சொன்னால் அது செல்லாது.

இன்னொன்று, ஒரே கிடையில் பல பேர் ஆடு நிற்கும், ஆனால் மேய்ப்பவர் பெயரில் மொத்தமாக ஒரே மனு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பணம் சொந்தக்காரர் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், அதனால் மூன்று பேர் ஆடு செத்திருந்தால் மூன்று பேரும் அவரவர் பாஸ்புக் நகலோடு தனித்தனியாக எழுதுங்கள்.