சீ சிக்னஸ் – கடற்குமட்டல்

நீண்ட கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யத் தயங்குபவர்களின் முதல் கேள்வி, "கடல் கொந்தளித்தால் என்ன செய்வது?" என்பதுதான். கப்பல் கவிழுமோ என்ற பயம் அதில் குறைவு. வயிற்றைப் பிரட்டி, நாள்கணக்கில் படுக்கையிலேயே கிடக்க நேருமோ என்ற பயமே மிகுதி. அந்த அவதிக்கு ஆங்கிலப் பெயர் சீ சிக்னஸ்.

'சிக்' என்ற சொல்லுக்கு நோயுற்ற என்றும் பொருள் உண்டு, வாந்தி எடுக்கும் நிலை என்றும் பொருள் உண்டு. முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் தமிழில் 'கடல் நோய்', 'கடற்பிணி' என்றெல்லாம் எழுதுகிறோம். இது நோயே அல்ல. உட்காதின் சமநிலை உறுப்பு நன்றாக வேலை செய்பவருக்குத்தான் இது வரும். இரு காதிலும் அவ்வுறுப்பு முற்றிலும் செயலிழந்தவருக்கு வருவதில்லை. 'கடல்மயக்கம்' என்றால் நினைவு தப்புவதாகப் பொருள்பட்டுவிடும். கடற்குமட்டல் என்பதே சரி.

மருத்துவர்கள் சொல்லும் 'நாசியா'வும் கடலில் பிறந்த சொல்தான். கிரேக்கத்தில் 'நௌஸ்' என்றால் கப்பல். அதிலிருந்து வந்த 'நௌசியா' கப்பலில் வரும் குமட்டலைக் குறித்தது. பிறகு இலத்தீன் வழியாக எல்லாக் குமட்டலுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் இதன் படிகளுக்குத் தனித்தனிச் சொற்களே உண்டு: வாந்தி வரும்போல் இருப்பது குமட்டல், ஒன்றும் வெளிவராமல் வயிறு எக்குவது ஓக்காளம், வெளியே வந்துவிட்டால் கக்கல்.

குமட்டலுக்கும் முன்பே அறிகுறி தெரியும். காரணமில்லாமல் கொட்டாவி, தூக்கக் கலக்கம், வாயில் உமிழ்நீர் ஊறுதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அந்த நேரத்திலேயே புத்தகத்தையும் செல்பேசியையும் மூடிவிட்டு மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். அறைக்குள் கண்ணுக்குச் சுவர் அசையாமல் நிற்கிறது, காதோ அசைகிறோம் என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைக் கலக்குகிறது. வெளியே போக முடியாவிட்டால் கண்ணை மூடித் தலை அசையாமல் படுப்பது அடுத்த வழி.

கப்பல் பக்கவாட்டில் உருள்வதைவிட, மேலெழும்பிக் கீழிறங்குவதுதான் அதிகம் படுத்தும். ஏறி இறங்க ஐந்தாறு வினாடி எடுக்கும் அசைவே மிக மோசமானது. பக்கவாட்டில் நீளும் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் உருள்வதைத்தான் குறைக்கும். முன்முனை எழும்பித் தாழ்வதை அவற்றால் நிறுத்த முடியாது. அதனால் அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். முன்முனை அறைதான் அதிகம் ஏறி இறங்கும்.

முன்னறிவிப்பில் வரும் 'ரஃப்' என்ற சொல்லையும் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். உலக வானிலை அமைப்பின் 0 முதல் 9 வரையான கடல்நிலைக் குறியீட்டில் அது 5: அலை உயரம் இரண்டரை முதல் நான்கு மீட்டர். தமிழில் கொந்தளிப்பு. பெரிய பயணக் கப்பலுக்கு இது ஆபத்தான நிலை அல்ல. நடக்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவே.

மாத்திரை போடுபவர்கள் செய்யும் பெரிய பிழை, குமட்டல் வந்தபின் விழுங்குவது. அப்போது இரைப்பையின் இயக்கமே மந்தமாகியிருக்கும். மருந்து குடலுக்குப் போய்ச் சேராது. மெக்லிசைன் மாத்திரை என்றால் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டை என்றால் குறைந்தது 4 மணி நேரம் முன்பு. ஒரு பட்டை 72 மணி நேரம் வரும். ஒட்டியதும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் பார்வை மங்கும். சில வகைக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டை கூடாது. சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும். நீண்ட பயணம் என்று அஞ்சுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்: ஒருநாள் படகுச் சவாரியில் பழகவே நேரமிருக்காது, பத்து நாள் பயணத்தில் இருக்கும். எல்லோருக்கும் அப்படியில்லை என்பதும் உண்மை. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரையான பீகிள் கப்பல் பயணத்தின் இறுதிவரை கடற்குமட்டலால் துன்பப்பட்டார். பழகிய உடல் கரையிறங்கியபின் தரை ஆடுவதுபோல் உணர்வதும் உண்டு. வழக்கமாக ஓரிரு நாளில் நின்றுவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.