குளிர்கால மனச்சோர்வு: ஜிபி கடிதம் இல்லாமலே சிகிச்சைக்குப் பதியலாம்

அக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோமா, அடுத்த நாளே வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டு. டிசம்பர் நடுவில் லண்டனில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். "விண்டர்தானே, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று மார்ச் வரை போர்வைக்குள் கிடப்பவர்கள் எங்கள் ஆட்களில் கனபேர். வருடாவருடம் அதே மாதங்களில் வந்து ஆளை முடக்கினால் அது வெறும் சோம்பல் இல்லை, பருவகால மனச்சோர்வாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் இதற்கு இலவசமாகக் கிடைப்பது, அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ் தரும் பேச்சுவழிச் சிகிச்சை, என்எச்எஸ் டோக்கிங் தெரபீஸ். 2008-இல் ஐயாப்ட் என்று தொடங்கி, 2023-இல் பெயர் மாறிய அதே சேவைதான். 18 வயதும் ஒரு ஜிபியில் (குடும்ப டொக்டரிடம்) பதிவும் இருந்தால் போதும். ஜிபியின் கடிதம் தேவையே இல்லை. பத்து நிமிடத்தில் டொக்டரிடம் என்னத்தைச் சொல்வது என்று தயங்கியே பலர் விட்டுவிடுகிறார்கள். என்எச்எஸ் இணையத்தளத்தில் உங்கள் பகுதிச் சேவையைத் தேடி, நீங்களே பதியலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஏற்பாடு வேறு.

பதிந்தபின் 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வரும். கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எங்கள் ஆட்கள் மளமளவென்று எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டு, "மனசு சரி, உடம்புதான் ஒரே அலுப்பு" என்பார்கள். அந்த அலுப்பு, நித்திரை, சாப்பாடு எல்லாமே அந்த 9-க்குள் தனித்தனிக் கேள்விகளாக இருக்கின்றன! உள்ளதை உள்ளபடி போடுங்கள். கடைசிக் கேள்வி சாக வேண்டும் என்ற நினைப்பைப் பற்றியது. அதையும் மறைக்க வேண்டாம். அந்த நினைப்பு இப்போதே நெருக்கினால் படிவத்துக்குக் காத்திருக்காமல் என்எச்எஸ் உதவி எண் 111-ஐ அழைத்து, மனநல உதவிக்கு 2-ஐ அழுத்துங்கள். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999.

தமிழில் கதைக்க வேண்டுமென்றால் பதியும்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசு இல்லை. பிள்ளையை மட்டும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். மகள் முன்னால் எந்தத் தாய் "வாழ்க்கை வெறுத்துப்போச்சு" என்று வாய்திறப்பாள்? பெண் தெரபிஸ்ட் வேண்டும், இவர் ஒத்துவரவில்லை, வேறு ஒருவர் கிடைப்பாரா என்றெல்லாம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

6 வாரத்துக்குள் 75 சதவீதம் பேருக்கும், 18 வாரத்துக்குள் 95 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால் முதல் சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலும் காத்திருப்பு வரலாம். அதனால் ஒவ்வொரு குளிருக்கும் விழுகிறவர் டிசம்பரில் பதிவதைவிட செப்டம்பரிலேயே பதிவது புத்தி. குளிர்கால மனச்சோர்வுக்குச் சிலர் முன்னால் வைத்து உட்காரும் பிரகாசமான விளக்கு, லைட் பொக்ஸ், என்எச்எஸ்ஸில் பொதுவாகக் கிடைக்காது. சொந்தக் காசில் வாங்குவதானால், கண் வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

தனியாரிடம் போகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் "கவுன்சிலர்", "சைக்கோதெரபிஸ்ட்" என்று யாரும் போர்டு மாட்டலாம், சட்டம் தடுக்காது. "கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட்" போன்ற சில பெயர்களைப் போடத்தான், சுகாதாரத் தொழில்களைக் கண்காணிக்கும் எச்சிபிசி அமைப்பில் பதிவு வேண்டும். மற்றவர்களுக்கு பிஏசிபி, யுகேசிபி, பிஏபிசிபி போன்ற அமைப்புகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒன்லைனில் பார்த்துவிட்டே முதல் பவுண்டைக் கொடுங்கள்.