கார்ட்டிசால் – புறணி இயக்குநீர்

இலத்தீனில் ‘கார்டெக்ஸ்’ என்றால் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதிக்கு உடற்கூற்றியலார் இப்பெயரை இட்டனர். அங்குச் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் ஒன்றுக்கு, ‘கார்டெக்ஸ்’ என்பதன் முற்பகுதியோடு ஆல்கஹால் வகைச் சேர்மங்களுக்குரிய ‘ஆல்’ என்னும் ஈறு சேர்ந்து ‘கார்ட்டிசால்’ என்ற பெயர் அமைந்தது. இப்புறணி ஹார்மோன்களின் ஆய்வுக்காகவே கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவர் 1950இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

‘கார்டெக்ஸ்’ என்பதற்குத் தமிழில் ‘புறணி’ என்பதே பொருந்தும். புறங்கூறுதலையே இன்று பலருக்கு நினைவூட்டினாலும், மரப்பட்டை, மேற்றோல் என்னும் பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. ‘ஹார்மோன்’ என்பதோ தூண்டி இயக்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து வந்ததாதலின், ‘இயக்குநீர்’ அதற்கு நேரானது.

நாளிதழ்கள் ஸ்டீராய்டு அனைத்தையும் ‘ஊக்கமருந்து’ என எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. எடுத்துக்காட்டாக, செம்மறியாட்டின் தோலில் கார்ட்டிசால் என்னும் ஸ்டீராய்டு செய்வது ஊக்கத்திற்கு நேர்மாறானது. அதன் அளவு மிகுந்து சில நாள் நீடித்தால், மயிர்க்காலின் அடிக்குமிழில் உயிரணுப் பிரிதல் தளர்ந்து, கம்பளி இழை மெலிந்து, வளர்ச்சியும் குறைகிறது. மேலும் மிகுந்தால் மயிர்க்கால்கள் ஓய்ந்துபோக, உரோமம் கழன்றுவிடுவதும் உண்டு. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உருவாக்கம் குன்றுவதால் தோலும் மெலிகிறது. கார்ட்டிசாலின் வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தைச் செலுத்தி, கத்தரியின்றி உரோமத்தை நீக்கும் முயற்சிகள் ஆஸ்திரேலியாவில் மெரினோ ஆடுகளிடம் செய்யப்பட்டன. நோயும் தீவனக் குறைவும் வாட்டும்போது கார்ட்டிசால் மிகுவதுண்டு; அக்காலம், இழையில் ஒரு மெல்லிய இடமாகப் பதிந்துவிடுகிறது. பின்னர் ஆலையில் சீவும்போது இழை அவ்விடத்தில்தான் அறுபடும். ஆனால் அத்தகைய மெலிவு ஒவ்வொன்றையும் கார்ட்டிசாலின் கணக்கில் எழுதிவிட முடியாது, தீவனக் குறைவு மட்டுமே இழையை மெலியச் செய்யப் போதுமானது.

‘புறணி இயக்குநீர்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. அதே புறணியில் உப்புச் சமநிலையைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் சுரக்கிறது. ஆதலால் அத்தொடரை வகைப்பெயராகக் கொண்டு, ‘கார்ட்டிசால் என்னும் புறணி இயக்குநீர்’ என்றெழுதுவதே தெளிவு. கம்பளி இழையின் செதிலுறைக்குள் இருக்கும் பெரும்பகுதிக்கும் ‘கார்டெக்ஸ்’ என்றே பெயர் வழங்குவதால், ஆட்டைப் பற்றி எழுதுவோர் ‘சுரப்பிப் புறணி’, ‘இழைப் புறணி’ எனப் பிரித்தெழுதுவது நன்று.